தங்கக் கிளஸ்டர் வினையூக்கி: வடசென்னைக் கல்லூரி ஆய்வகத்தில் முதல் ஆறு மாதத்தைக் கடப்பது எப்படி

வடசென்னையில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது என் கைடு கொடுத்த தலைப்பு, தாங்கியின் (வினையூக்கியைச் சுமக்கும் பொடியின்) மேல் பதித்த தங்க நானோ கிளஸ்டர்களை (சில பத்துத் தங்க அணுக்களின் மிகச் சிறிய கூட்டங்களை) வைத்துத் தேர்ந்த ஆக்சிஜனேற்றம் செய்வது. ஆல்கஹாலை ஆல்டிஹைடு வரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்த முடியுமா, எவ்வளவு முடியும் என்பதுதான் கேள்வி. முதல் எட்டு மாதம் எனக்கு வீணானது. வேதியியல் கடினம் என்பதால் ஆகவில்லை, வரிசை தப்பியதால் ஆனது. தங்க உப்பை முதலில் வாங்கினேன். கிளஸ்டர் செய்தேன், தாங்கியில் ஏற்றினேன், வினையில் போட்டேன், நல்ல எண் வந்தது. அதன் பிறகுதான் தங்கமே போடாமல் அதே வினையை ஓட்டினேன். தங்கம் இல்லாமலும் பாதிக்கு மேல் நடந்தது.

உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. ஒரு மஃபில் ஃபர்னஸ் (மின் உலை), ஒரு யூ.வி. (ஒளி உறிஞ்சலை அளக்கும்) கருவி, எப்போதாவது கிடைக்கும் ஜி.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி), இவ்வளவுதான் கையில் என்றால் இது உங்களுக்கானது.

1. கிளஸ்டர், தாங்கி, வினை: மூன்றையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்

நான் இந்த மூன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தேன். முதல் தவறு அதுதான். தலைப்பு ஆல்கஹால் என்றாலும், முதலில் ஸ்டைரீனை டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்யப் போனேன். அந்தப் பெராக்சைடு சூட்டில் தானாகவே ரேடிக்கல் தரும். அது செய்த வேலையைத் தங்கம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, கடையில் வாங்கும் ஸ்டைரீனில் பாலிமர் ஆகாமல் தடுக்க டெர்ட்-பியூட்டைல் கேட்டகால் கலந்திருப்பார்கள். அலுமினா வழியாக வடித்து அதை நீக்காவிட்டால், ஒவ்வொரு புட்டிக்கும் ஒவ்வொரு முடிவு வரும்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் சேர்க்கை இது: குளூட்டத்தயோன் பூசிய தங்கம்-25 கிளஸ்டர், ஹைட்ராக்சிஅபடைட் (ஒரு கால்சியம் பாஸ்பேட்) தாங்கி, தண்ணீரில் பென்சைல் ஆல்கஹால், ஆக்சிஜனுக்கு வெறும் காற்று. காரணம் சொல்கிறேன்.

தங்கம்-25 என்பது 25 தங்க அணுக்களும் அதைச் சுற்றி 18 தயோலேட் (கந்தகத்தால் தங்கத்தோடு பிணையும்) மூலக்கூறுகளும் கொண்டது. தங்கக் கரு ஏறக்குறைய 1 நானோமீட்டர். அதன் யூ.வி. நிறமாலை கைரேகை மாதிரி: 670 நானோமீட்டரில் ஒரு மேடு, 450, 400 பக்கம் இன்னும் இரண்டு. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே வந்ததா இல்லையா என்று முதல் நாளே தெரிந்துவிடும். வேறு எந்தக் கிளஸ்டரிலும் புதியவருக்கு இவ்வளவு எளிதான அடையாளம் கிடைக்காது.

பினைல்எத்தேன்தயால் பூசிய தங்கம்-25ஐத் தூய்மைப்படுத்துவது குளூட்டத்தயோன் வகையைவிட எளிது. ஆனால் அந்தத் தயாலின் நாற்றம் சாதாரணமானது இல்லை. சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகக் கலப்பது எத்தில் மெர்கேப்டன், அதுவும் தயால் குடும்பம்தான். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் இருக்கும் கல்லூரியில் ஒருமுறை கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலிண்டர் கசிகிறது என்று கதவைத் தட்டுவார்கள். எங்களுக்கு நடந்தது. ஃபியூம் ஹூட் உண்மையிலேயே இழுக்கிறதா என்று ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். இழுக்கவில்லை என்றால் குளூட்டத்தயோனோடு நில்லுங்கள். தயாலைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், தொட்ட கண்ணாடி எல்லாவற்றையும் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு இரவு ஊறவிட்ட பிறகே வெளியே எடுங்கள்.

2. காகித வேலையை முதல் வாரமே தொடங்குங்கள்

தங்க உப்பு என்று நாம் சொல்வது டெட்ராகுளோரோஆரிக் அமிலத்தின் டிரைஹைட்ரேட். எடையில் ஏறக்குறைய பாதி தங்கம். ஆகவே ஒரு கிராம் புட்டியின் அடக்க விலை என்பது அன்றைய 24 காரட் அரை கிராம் விலை. கம்பெனி கேட்கும் விலை அதைவிட நன்றாகவே மேலே இருக்கும், வரி தனி. முதல் ஆறு மாதத்துக்கு ஒரு கிராம் தாராளம், கணக்கு கீழே வருகிறது.

இதில் பொறி எங்கே என்றால், தங்க விலை தினமும் மாறுவதால் வியாபாரிகள் தரும் கொட்டேஷன் சில நாள்தான் செல்லும். கல்லூரியில் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுத் தாள் போட்டு, கைடு, துறைத்தலைவர், முதல்வர், கணக்குப் பிரிவு என்று கையெழுத்து நகர்வதற்குள் அது காலாவதி ஆகிவிடும். திரும்ப முதலிலிருந்து. எனக்கு இரண்டு முறை இப்படி ஆனது. செய்யவேண்டியது இதுதான்: கொட்டேஷன் தவிர மற்ற எல்லாக் காகிதங்களையும் (தேவைக் கடிதம், நிதி இருப்புச் சான்று, கொள்முதல் குழு ஒப்புதல்) முன்கூட்டியே முடித்து வையுங்கள். தொகையில் விலை ஏற்றத்துக்கு இடம் விட்டு ஒப்புதல் கேளுங்கள். மூன்று கொட்டேஷனையும் ஒரே நாளில் வரவழைத்து, அன்றே கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போங்கள். அப்படிச் செய்த மூன்றாவது முறை ஆறு வாரத்தில் புட்டி வந்தது.

இன்னொன்று, தேவைக் கடிதத்தில் 'தங்கம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். முழு வேதிப்பெயர், கேட்டலாக் எண், 'செலவழியும் வேதிப்பொருள்' என்ற வகை, இம்மூன்றும் இருக்கட்டும். தங்கம் என்று பதிவேட்டில் ஏறினால் தணிக்கையின்போது 'பொருள் எங்கே, காட்டுங்கள்' என்பார்கள். புட்டி வந்த நாளிலிருந்து எடுத்த ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் தேதி, எடை, கையொப்பத்தோடு ஒரு தனி நோட்டு வையுங்கள்.

சௌகார்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறதே, சுத்தத் தங்கம் வாங்கி ராஜ திராவகத்தில் நாமே கரைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் தடவைக்கு வேண்டாம். நைட்ரஜன் டைஆக்சைடு புகையைச் சமாளிக்க நல்ல ஹூட் வேண்டும். நைட்ரேட் மிச்சம் உப்பில் தங்கும், நகைக்கடை பில்லைக் கல்லூரிக் கணக்கில் ஏற்றுவதும் பெரும்பாடு.

தங்கத்தைவிட என்னை அதிகம் நிறுத்தியது மெத்தனால். தமிழ்நாட்டில் மெத்தனால் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். உங்கள் கல்லூரிக்கு உரிமம் இருக்கிறதா, எப்போது முடிகிறது, அளவு எவ்வளவு என்பதைச் சேர்ந்த வாரமே ஸ்டோர் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பல துறைகளில் ஆண்டு இருப்பை எம்.எஸ்சி. செய்முறைக்கே ஒதுக்கியிருப்பார்கள். உங்களுக்கு ஆண்டுக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தால்தான் அடுத்த ஒதுக்கீட்டில் பெயர் வரும்.

கண்ணாடிப் பொருள்களுக்குப் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவுக்கு ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். ஆனால் காந்தத் துண்டுகளை (வினையைக் கலக்கக் குடுவைக்குள் போடுபவை) பழையதாக, கைமாறி வந்ததாக வாங்காதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

3. தங்கம் வரும் வரை: வெற்று வினைகள்

புட்டிக்காகக் காத்திருக்கும் ஆறு வாரம்தான் உங்கள் ஆய்வின் மிக மதிப்பான காலம். நான் அதைக் கட்டுரை படிப்பதில் கழித்தேன். நீங்கள் அப்போதே வினையை ஓட்டுங்கள், தங்கம் இல்லாமல்.

என் அளவு: பென்சைல் ஆல்கஹால் 0.5 மில்லிமோல், பொட்டாசியம் கார்பனேட் 1.5 மில்லிமோல், தண்ணீர் 5 மி.லி., 60 டிகிரி, காற்று படும்படி திறந்த கண்டென்சர். இதை நான்கு விதமாக ஓட்டுங்கள்: எதுவும் சேர்க்காமல்; தாங்கி மட்டும் 50 மி.கி.; சூடாக்கிய தாங்கி; தாங்கியோடு தங்கமில்லாத குளூட்டத்தயோன் ஏற்றிச் சூடாக்கியது. கடைசி ஒன்றை யாரும் செய்வதில்லை. ஆனால் மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இந்த நான்கிலும் மாற்றம் (ஆல்கஹாலில் எத்தனை சதவீதம் வேறு பொருளானது என்பது) ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கவேண்டும். இல்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி காந்தத் துண்டு. டெஃப்லான் உறையின் நுண்ணிய கீறல்களில் பழைய உலோகம் உட்கார்ந்திருக்கும். பல்லேடியம் வேலை செய்த சீனியரின் காந்தத் துண்டு எனக்கு ஒரு மாதத்தைத் தின்றது. வெற்று வினைக்கென்று புதிய துண்டு நான்கு வாங்கி, தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். நைனியப்ப நாயக்கன் தெருவில் மொத்தச் செலவு ஒரு வேளை பிரியாணியைத் தாண்டாது.

தண்ணீரும் முக்கியம். நம் பகுதியில் குழாய்த் தண்ணீரிலும் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் உப்பு அதிகம். குளோரைடு அயனி சூட்டில் தங்கத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். துறையின் காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கலங்கினால் அந்தத் தண்ணீரைக் கழுவக்கூட எடுக்காதீர்கள்.

இதே சமயம் ஜி.சி. அளவீட்டையும் முடித்துவிடுங்கள். பென்சைல் ஆல்கஹால், பென்சால்டிஹைடு, பென்சாயிக் அமிலம், பென்சைல் பென்சோயேட் நான்குக்கும் டோடெக்கேனை அகத்தரமாக வைத்து ஐந்து புள்ளிக் கோடு போடுங்கள். பென்சால்டிஹைடு புட்டி திறந்து நாளாகியிருந்தால் காற்று பட்டே ஒரு பகுதி பென்சாயிக் அமிலம் ஆகியிருக்கும். புட்டியின் கழுத்தில் வெள்ளைப் படிகம் தெரிந்தால் பென்சால்டிஹைடைக் காய்ச்சி வடித்து எடுத்த பிறகே பயன்படுத்துங்கள். அந்த அழுக்குப் புட்டியை வைத்துக் கோடு போட்டால் ஆய்வு முழுக்க எல்லா எண்ணும் தவறு.

ஜி.சி. கிடைக்காத நாள்களுக்கு மெல்லிய அடுக்குத் தட்டும், 2,4-டைநைட்ரோபினைல்ஹைட்ரசீன் கரைசலும் போதும். ஆல்டிஹைடு வந்திருந்தால் ஆரஞ்சு வீழ்படிவு தெரியும். ஓடுகிறதா இல்லையா என்று அறிய வெளியே பணம் கட்டவேண்டாம்.

4. தாங்கியை நீங்களே செய்யுங்கள்

ஹைட்ராக்சிஅபடைட்டுக்கு மூன்று நாள் போதும், எம்.எஸ்சி. ஆய்வகத்தில் இருக்கும் பொருள்களே போதும். கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 23.6 கிராம், டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 7.9 கிராம். இரண்டையும் தனித்தனியே கரைத்து, அம்மோனியா விட்டு பி.எச். 10க்கு மேல் வைத்துக்கொண்டு, பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு இரவு கலக்கி, பி.எச். நடுநிலை வரும் வரை கழுவி உலர்த்தினால் ஏறக்குறைய 10 கிராம். பி.எச். இறங்க விட்டால் வேறு பாஸ்பேட் கலந்துவிடும், எக்ஸ்ரே விளிம்பு வளைவுச் சோதனையில் தெரியும்.

டைட்டானியாவும் சீரியாவும் கட்டுரைகளில் அதிகம் வருகின்றன, நல்ல தாங்கிகள்தான். ஆனால் இதற்கு இரண்டு வசதி உண்டு. இது தூய வெள்ளை, அதனால் மேலே தங்கத்துக்கு என்ன ஆனது என்று கண்ணுக்கே தெரியும். அமிலத்தில் முழுவதும் கரைந்துவிடும் என்பதால் தங்கத்தின் அளவைப் பார்க்க ஐ.சி.பி.க்கு (கரைசலில் உலோக அளவைச் சொல்லும் கருவிக்கு) அனுப்புவது எளிது.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். இங்கே அம்மோனியா பயன்படுத்துகிறோம். தங்க உப்புக் கரைசலோ ராஜ திராவகக் கழிவோ அம்மோனியாவோடு சேரக் கூடாது. சேர்ந்தால் உலர்ந்ததும் வெடிக்கும் தங்கச் சேர்மம் உருவாகும். இரண்டு வேலைக்கும் வேறு மேசை, வேறு கழிவுப் புட்டி.

5. கிளஸ்டர் செய்யும் இரண்டு நாள்

முந்தைய நாள் கண்ணாடியை ராஜ திராவகத்தில் கழுவுங்கள், ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு. அதற்கு முன் குடுவையில் அசிட்டோனோ மெத்தனாலோ ஈரமாக இருக்கக் கூடாது. மிச்சத் திராவகத்தை மூடிப் புட்டியில் அடைக்கக் கூடாது.

தங்க உப்பை எடைபோட எவர்சில்வர் ஸ்பேச்சுலா எடுக்காதீர்கள். தொட்ட இடத்தில் தங்கமாகப் படிந்துவிடும், ஸ்பேச்சுலாவும் அரிக்கும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி மட்டும். நம் ஊர்க் காற்றில் அது நிமிடக் கணக்கில் ஈரம் இழுத்துக் கசியும். அதனால் புட்டியைத் திறந்த முதல் நாளே முழு ஒரு கிராமையும் தண்ணீரில் கரைத்து, செறிவைக் குறித்து, இருட்டில் குளிர வைத்துக்கொள்வதே நல்லது. பிறகு பிப்பெட்டில் எடுக்கலாம்.

தங்க உப்பு 100 மி.கி. அளவுக்கான கரைசலை 50 மி.லி. மெத்தனாலில் விட்டு, குளூட்டத்தயோன் 310 மி.கி. சேருங்கள். மஞ்சள் மெல்ல மங்கும். 0 டிகிரியில் அரை மணி நேரம் கலக்குங்கள். சோடியம் போரோஹைட்ரைடு 95 மி.கி.யை 12.5 மி.லி. ஐஸ் தண்ணீரில் கரைத்த கையோடு, ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கரும்பழுப்பு ஆகும், ஹைட்ரஜன் வெளிவரும். வாயை அடைக்காதீர்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து வீழ்படிவை மெத்தனாலில் மூன்று நான்கு முறை கழுவினால் கிடைப்பது பல அளவுக் கிளஸ்டர்களின் கலவை. இதைத் தண்ணீரில் கரைத்து, மறுபடி நிறைய குளூட்டத்தயோன் சேர்த்து, 55 டிகிரியில் காற்றைக் குமிழியிட்டபடி சில மணி நேரம் வைத்தால், மற்றவை கரைந்து தங்கம்-25 மட்டும் நிலைக்கும். ஒரு மணிக்கு ஒருமுறை யூ.வி. எடுங்கள். 670 மேடு வளர்வது நின்றால் நிறுத்துங்கள். மையவிலக்கில் சுற்றி வெள்ளைக் கசடைத் தள்ளி, மெத்தனால் சேர்த்துக் கிளஸ்டரை வீழ்த்துங்கள்.

520 பக்கம் ஒரு திமில் தெரிந்தால் பெரிய துகள்கள் வந்துவிட்டன. என் அனுபவத்தில் மூன்று காரணம்தான்: போரோஹைட்ரைடு ஈரம் குடித்துக் கட்டி ஆகியிருக்கும், குளிர் போதாது, அல்லது மெதுவாக ஊற்றியிருப்பீர்கள்.

குளிருக்கு எங்கள் துறையில் ஐஸ் இயந்திரம் இல்லை. காசிமேட்டில் மீனுக்குப் போடும் உடைத்த ஐஸை ஒரு தெர்மோகோல் பெட்டி நிறைய வாங்கி வருவேன். வெளிக் குளியலுக்கு மட்டும்தான் அது, உள்ளே ஒரு துளி போகக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது ஐஸ் கிடைப்பது சிரமம். கிளஸ்டர் செய்யும் நாள்களை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்கு. 100 மி.கி. உப்பில் தங்கம் 50 மி.கி. இந்தக் கிளஸ்டரின் எடையில் 47 சதவீதம்தான் தங்கம், ஆக முழுவதும் வந்தால் 106 மி.கி. மூன்றில் ஒரு பங்கு வந்தாலே போதும், 35 மி.கி. தங்கம் 0.5 சதவீதம் இருக்கும்படி ஒரு கிராம் தாங்கிக்கு 10.6 மி.கி. கிளஸ்டர். ஆக ஒரு தடவை செய்தால் மூன்று கிராமுக்கு மேல் வினையூக்கி, வினைக்கு 50 மி.கி. என்றால் அறுபது வினைக்கு மேல். தங்கம் தீர்ந்துவிடுமோ என்று பயந்து வெற்று வினைகளையும் மறுமுறைகளையும் குறைக்காதீர்கள். உங்களிடம் தீரப்போவது சோதனைப் பணமும் நேரமும்தான்.

6. பதித்தல், பிறகு சூடாக்கல்

பதிப்பது எளிது. தாங்கியைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே கிளஸ்டர் கரைசலை விடுங்கள், ஒரு இரவு விடுங்கள். மையவிலக்கில் சுற்றி எடுத்த மேல்நீர் நிறமற்று இருக்கவேண்டும். யூ.வி.யில் உறுதி செய்து, மிச்சம் இருந்தால் அதைக் கழித்துத் தங்க அளவை எழுதுங்கள். 'போட்டது 0.5, ஆகவே ஏறியது 0.5' என்று எழுதும் பழக்கம் வேண்டாம்.

சூடாக்கலில்தான் எல்லாம் கெடும். தயோலேட்டுகள் தங்கத்தை மூடியிருக்கும் வரை வினைப்பொருள் உள்ளே போக வழி குறைவு. அதிகம் சூடாக்கினால் உறை போய்த் தங்கம் ஒன்றோடொன்று ஓடிச் சேரும். இந்த இரண்டுக்கும் நடுவில் குறுகிய இடம்தான். ஹைட்ராக்சிஅபடைட் மேல் தங்கம்-25க்கு வெளிவந்த ஆய்வுகளில் வெற்றிடத்தில் 300 டிகிரி, இரண்டு மணி நேரம். முதலில் டி.ஜி.ஏ. (சூடாக்கிக்கொண்டே எடை இழப்பை அளக்கும் சோதனை) ஒன்று எடுத்து, எடை எங்கே இறங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தனிக் கிளஸ்டரில் கரிமப் பகுதி 53 சதவீதம், அந்த எண்ணோடு ஒப்பிட்டால் உறை முழுவதும் போனதா என்று தெரியும்.

நான் மஃபில் ஃபர்னஸில் காற்றிலேயே செய்தேன், வெளியே எடுத்தபோது பொடி அழகான இளஞ்சிவப்பு. அந்த நிறத்தைப் பார்த்தால் மகிழாதீர்கள். தங்கம் இரண்டு மூன்று நானோமீட்டரைத் தாண்டினால்தான் அந்தச் சிவப்பு வரும். உங்களிடம் இருப்பது இனிக் கிளஸ்டர் இல்லை, சாதாரண நானோ துகள். நல்ல பொடி மங்கிய பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். பரவல் எதிரொளிப்பு நிறமாலையில் 520 பக்கம் மேடு இல்லை என்றால் நிம்மதி.

பிறகு கண்டுபிடித்தது: ஃபர்னஸ் திரையில் 300 என்று காட்டியபோது உள்ளே நடுவில் வெப்பம் அதைவிட நன்றாக அதிகம். தனித் தெர்மோகப்பிளைப் பொடி வைக்கும் இடத்திலேயே நுழைத்து, 200, 250, 300 மூன்றுக்கும் திருத்தத் தாள் எழுதி ஃபர்னஸ் மேல் ஒட்டுங்கள். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். பொடியைக் குவியலாக வைக்காமல் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். வெற்றிடக் குழாய் ஃபர்னஸ் இல்லை என்றால், இருக்கும் துறையிடம் கைடு கடிதத்தோடு போய் ஒரு நாள் கேளுங்கள். இயற்பியல் துறைகளில் பெரும்பாலும் இருக்கும். ஒரு கிராமை ஒரே தடவையில் போடாமல் 100 மி.கி. வீதம் 200, 250, 300, 350 என்று நான்கு செய்துபாருங்கள். மின்சாரம் போய் நடுவில் நின்ற மாதிரியைத் 'தோராயமாகச் சரி' என்று சேர்க்காமல் தனியே குறியிட்டு வையுங்கள்.

சூடாக்காத மாதிரியிலும் 100 மி.கி. எடுத்து வையுங்கள், ஒப்பிட வேண்டிவரும்.

7. வினை: தேர்வுத்திறன் எங்கே ஏமாற்றும்

பகுதி 3இல் இருக்கும் அதே அளவு, இப்போது வினையூக்கியோடு. 50 மி.கி.யில் தங்கம் 0.25 மி.கி., ஏறக்குறைய 1.27 மைக்ரோமோல். ஆக ஒரு தங்க அணுவுக்குப் பென்சைல் ஆல்கஹால் 390 சொச்சம்.

பெரிய பொறி: காரம் கலந்த தண்ணீரில் உருவாகும் பென்சாயிக் அமிலம் பென்சோயேட் உப்பாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். எத்தில் அசிட்டேட்டில் பிரித்து ஜி.சி.யில் விட்டால் ஆல்டிஹைடு மட்டுமே தெரியும், தேர்வுத்திறன் (உருவான பொருள்களில் ஆல்டிஹைடின் சதவீதம்) 99 என்று வரும். அது பொய். பிரிப்பதற்கு முன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் விட்டு பி.எச். 2க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் மூலக்கணக்குப் பாருங்கள்: செலவான ஆல்கஹாலும் கிடைத்த பொருள்களும் பொருந்தவேண்டும். 80 சதவீதம் மாறி, பொருள்களைக் கூட்டினால் 55தான் வந்தால், அந்த 25 எங்கே என்று தெரியாமல் அடுத்த வினைக்குப் போகாதீர்கள்.

உண்மையைச் சொன்னால், காரத் தண்ணீரில் ஆல்டிஹைடு நீரேறி அமிலமாக ஓடுவது இயல்பு. ஆல்டிஹைடில் நிறுத்தவேண்டும் என்பது உங்கள் நோக்கம் என்றால், காரத்தைக் குறைப்பது, நேரத்தைக் குறைப்பது, பிறகு டொலுவீன் போன்ற கரைப்பானுக்கு மாறுவது என்று போகவேண்டும். ஆனால் டொலுவீன் ஆவியும் தூய ஆக்சிஜனும் சேர்ந்தால் எளிதில் தீப்பற்றலாம். முதல் ஆறு மாதம் தண்ணீரில் கையைப் பழக்கிவிட்டு, கைடு பக்கத்தில் இருக்கும்போது மாறுங்கள்.

இரண்டு மாதிரிகளின் தேர்வுத்திறனை ஒப்பிடும்போது மாற்றம் ஒரே அளவில் இருக்கவேண்டும். 20 சதவீதம் மாறியதில் ஆல்டிஹைடு 95, 90 சதவீதம் மாறியதில் 60 என்றால், முதலாவது சிறந்தது என்று சொல்லமுடியாது. நேரத்தோடு மாதிரி எடுத்து வளைகோடு போடுங்கள். எடுத்த மாதிரியை அன்றே ஜி.சி.யில் விடுங்கள். வயலில் ஒரு வாரம் கிடந்தால் ஆல்டிஹைடு தானாக அமிலமாகும், உங்கள் வினையூக்கி செய்ததாக அது கணக்கில் ஏறும்.

8. வெளிச் சோதனைகள்: எதை, எப்போது, எந்தக் காகிதத்தோடு

ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கும் நவீனக் கருவி மையத்தில் வெளிக் கல்லூரி மாணவர்கள் மாதிரி கொடுக்கலாம். ஐ-ஸ்டெம் இணையதளத்தில் நாட்டின் மற்ற அரசுக் கருவிகளையும் தேடி முன்பதிவு செய்யலாம். கல்வி நிறுவனக் கட்டணம் தொழிற்சாலைக் கட்டணத்தைவிடக் குறைவு. அதற்குத் துறைத்தலைவர் முத்திரையோடு பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை நகல், படிவம் மூன்றும் வேண்டும். முத்திரை இல்லாமல் போய் ஒரு நாள் இழந்தவர்களில் நானும் ஒருவர்.

நம் பக்கத்திலிருந்து போவது இப்போது எளிது. விம்கோ நகரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ ஒரே மெட்ரோவில் கிண்டி, அங்கிருந்து பேருந்து. தீப்பற்றும் கரைப்பானில் கரைத்த மாதிரியை மெட்ரோவில் எடுத்துச் செல்லக் கூடாது. உலர்ந்த பொடியாக, இரண்டு உறையிட்டு, சிலிகா ஜெல்லோடு கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் சிலிகா ஜெல் கட்டாயம்.

எல்லா மாதிரியையும் எல்லாக் கருவிக்கும் அனுப்பாதீர்கள். யூ.வி., நிறம், வெற்று வினை, மூலக்கணக்கு நான்கிலும் தேறிய ஒன்றை மட்டும் மின்னணு நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். சாதாரணப் படத்தில் 1 நானோமீட்டர் தங்கம் தாங்கியில் மறைந்துவிடும். படிவத்தில் இருண்ட புல வருடும் முறை வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள், இல்லை என்றால் பணம் கட்டி வெறும் தாங்கியின் படம் வாங்கி வருவீர்கள். ஒரே இடத்தில் கற்றையை வெகுநேரம் நிறுத்தினால் அந்தக் கற்றையே கிளஸ்டர்களை உருக்கிச் சேர்க்கும். முதலில் எடுத்த படத்தையும் கடைசிப் படத்தையும் ஒப்பிட்டுத் தரும்படி கருவியை இயக்குபவரிடம் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள்.

ஐ.சி.பி.க்கு 50 மி.கி.யைக் கொஞ்சம் ராஜ திராவகத்தில் கரைத்து 25 மி.லி. ஆக்கினால் 10 பி.பி.எம். பக்கம் வரும், வசதியான அளவு. கரைசலில் ஹைட்ரோகுளோரிக் இருக்கட்டும். வெறும் நைட்ரிக்கில் தங்கம் கண்ணாடிச் சுவரில் ஒட்டி அளவு குறையும்.

எங்கள் வரிசையில் நுண்ணோக்கிக்கு ஐந்து வாரம், ஐ.சி.பி.க்கு இரண்டு வாரம் ஆனது. மாநாட்டுக் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பதிவு செய்யுங்கள்.

9. மறுபயன்பாடும் மிச்சத் தங்கமும்

வினை மூன்றில் ஒரு பங்கு நடந்ததும், சூடு ஆறாமல் வடிகட்டி, வடிநீரை மட்டும் மேலும் ஓட்டுங்கள். அது தொடர்ந்து மாறினால் தங்கம் கரைந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். மறுபயன்பாட்டுச் சோதனையையும் இதேபோல் பாதி மாற்றத்தில் நிறுத்திச் செய்யுங்கள். 100 சதவீதம் வரும் வரை ஓட்டினால், பாதிச் செயல்திறன் இழந்த வினையூக்கியும் ஐந்து முறையும் நூறு காட்டும்.

பயன்படுத்திய பொடி, வடிதாள், கழுவிய கிளஸ்டர் நீர், எல்லாவற்றையும் ஒரே புட்டியில் சேர்க்காதீர்கள். அமிலக் கழிவு ஒன்று, நடுநிலைக் கழிவு ஒன்று, பொடி ஒன்று என்று மூன்று புட்டி. மேலே தேதியும் தோராயத் தங்க எடையும் எழுதுங்கள். தணிக்கையில் 'பொருள் எங்கே' என்று கேட்டால் இந்த மூன்று புட்டியையும், பகுதி 2இல் சொன்ன நோட்டையும் மேசையில் வையுங்கள். எனக்கு அந்த உரையாடல் பத்து நிமிடத்தில் முடிந்தது.